இச்சட்டையைத் தைத்தவர் யார்?



சென்ற ஆண்டு எமது பாடசாலையின் விளையாட்டு விழாவிற்கென மாணவர் அனைவருக்கும் ஒரே நிறத்தில் ரீசேட் வாங்கப்பட்டதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அதற்கென அமைக்கப்பட்ட குழுவிலே நானும் ஒருவன். இரண்டு கடைகளிலே விலை கேட்டோம். ஒரு கடையில் சட்டை ஒன்று பதினான்கு டொலர். மற்றைய கடையில் ஆறு டொலர். குழுவினர் எவரும் ஒரு கணமேனும் தயங்கவில்லை. நானும் தயங்கவில்லை. மலிவான சட்டைக்கே முதலில் கை உயர்த்தியவன் நானே என்பதை இங்கு ஒளியாமற் கூறவேண்டும்.

விழா முடிந்த மறுவாரம் எட்டாம் வகுப்பிலே செய்வினை, செயப்பாட்டுவினை என்னும் இலக்கணப் பகுதியைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். உதாரணமாக எதை எழுதலாம் என எண்ணியபோது முன்வாங்கில் இருந்த மாணவனின் சட்டைக் கழுத்திலிருந்த சிறு துணிச்சீட்டு கண்ணிற்பட்டது. அதனைப் பார்த்து, 'இச்சட்டை பங்களாதேசத்தில் தைக்கப்பட்டது' எனக் கரும்பலகையில் எழுதி, "இதனைச் செய்வினை வாக்கியமாக மாற்றுக" என்றேன். வகுப்பு அமைதியாயிற்று. சிறிது நேரத்தின் பின் ஒரு மாணவி எழுந்து, "சேர், மாற்ற ஏலாது. எழுவாய் இல்லை. யார் தைச்சது எண்டு அதில எழுதேல்லையே" என்றாள்.

அவள் கூறியது முற்றிலும் சரியே. செயப்பாட்டுவினை வாக்கியத்திலே செய்தவரைக் கூறாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம். செய்வினை வாக்கியத்திலே அங்ஙனம் செய்தல் அரிது. பொதுவாக ஏதேனும் ஒரு பெயரை எழுவாயாக இடவேண்டியிருக்கும். அன்று நான், "ஒரு தொழிலாளி இச்சட்டையைத் தைத்தார் என எழுதுக" என்று கூறிப் பாடத்தை முடித்துக்கொண்டேன். ஆயினும் அம்மாணவியின் வினா என்னைவிட்டு அகலவில்லை. அவ்வினாவிற்கு விடை கூற முயல்வதே இக்கட்டுரை.

பங்களாதேசத்தின் தலைநகராகிய டாக்காவிற்கு அண்மையில் சவார் என்னும் ஊர் உள்ளது. அங்கே ரானா பிளாசா என எட்டு மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. கடைகளுக்கும் அலுவலகங்களுக்குமெனக் கட்டப்பட்ட அதன் மேல் மாடிகள் உரிய அனுமதியின்றி எழுப்பப்பட்டவை. கீழே கடைகளும் ஒரு வங்கிக் கிளையும், மேலே ஐந்து ஆடைத் தொழிற்சாலைகளும் இயங்கின. 2013ஆம் ஆண்டு ஏப்பிரல் 23ஆம் நாள் கட்டடத்தின் தூண்களிலும் சுவர்களிலும் வெடிப்புக்கள் காணப்பட்டன. பார்வையிட்ட பொறியியலாளர் ஒருவர் கட்டடம் ஆபத்தானது என எச்சரித்தார். மறுநாள் வங்கி தன் ஊழியரை வரவேண்டாமெனத் தடுத்தது. கடைகள் பூட்டப்பட்டன. தையற் தொழிலாளர் மாத்திரம் வேலைக்கு வருமாறு பணிக்கப்பட்டனர். வராவிடின் மாதச் சம்பளம் கிடையாது எனச் சிலருக்குக் கூறப்பட்டதாம். காலை ஒன்பது மணியை அண்மித்த வேளையில் மின்சாரம் தடைப்பட்டது. மேல் மாடிகளில் இருந்த பாரிய மின்பிறப்பாக்கிகள் இயக்கப்பட்டன. அவற்றின் அதிர்வோடு கட்டடம் இடிந்து வீழ்ந்தது. இறந்தோர் 1,134 பேர். காயமுற்றோர் ஏறத்தாழ 2,500 பேர். பெரும்பாலோர் இளம் பெண்கள்.

ஒரே கட்டடம், ஒரே வெடிப்பு. வங்கி ஊழியர் வீட்டிலிருந்தனர். தையற் பெண்கள் உள்ளே இருந்தனர். இவ்விரு சாராருக்கும் இடையிலான வேறுபாடு யாது? கட்டடத்தைப் பற்றிய அறிவிலே வேறுபாடில்லை. வெடிப்பை இரு சாராரும் கண்டனர். 'நான் வரமாட்டேன்' எனக் கூறும் ஆற்றல் ஒரு சாராருக்கு இருந்தது, மற்றவருக்கு இல்லை. அக்காலத்தில் அந்நாட்டின் ஆடைத் தொழிலாளருக்குரிய ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 3,000 டக்கா. அமெரிக்க நாணயத்தில் நாற்பது டொலருக்கும் குறைவு. ஒரு மாதச் சம்பளத்தை இழந்தால் அடுத்த மாதம் உலை கொதியாது என்ற நிலையில் உள்ளவர்க்கு, வெடித்த தூண் இரண்டாவது ஆபத்தேயன்றி முதலாவதன்று.

இடிபாடுகளுக்கிடையே கண்டெடுக்கப்பட்ட துணிச்சீட்டுக்களிலே கனடாவில் விற்கப்படும் ஜோ பிரெஷ் என்னும் பெயரும் இருந்தது. மலிவு விலைக் கடைகளின் பெயர்கள் மாத்திரமன்றி, பெனற்றன், மாங்கோ போன்ற, விலை சற்றுக் கூடிய நிறுவனங்களின் பெயர்களும் அங்கே இருந்தன. ஆகவே, 'விலை கூடிய சட்டையை வாங்கினால் பாவம் நீங்கும்' என எண்ணுவார்க்கு ஆறுதல் இல்லை. நாம் நிராகரித்த அந்தப் பதினான்கு டொலர் சட்டையும் எங்கே, எவ்வாறு தைக்கப்பட்டது என்பதைக் குழுவில் எவரும் கேட்கவில்லை என்பது இப்போதுதான் நினைவிற்கு வருகிறது.

இனி, விலையின் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். ரானா பிளாசா இடிந்தபின் கனடியச் சஞ்சிகை ஒன்று, இங்கே பதினான்கு டொலருக்கு விற்கப்படும் பங்களாதேசச் சட்டையொன்றின் அடக்கவிலையை ஆய்வு நிறுவனமொன்றின் மதிப்பீட்டைக் கொண்டு பகுத்து வெளியிட்டது. துணி முதலிய பொருட்களுக்கு 3 டொலர் 69 சதம். கப்பற் கூலி முதலியவற்றுக்கு ஒரு டொலரும் சில சதமும். தொழிற்சாலை முதலாளியின் இலாபம் 58 சதம். தைத்தவருக்குரிய கூலி 12 சதம். எல்லாம் சேர்ந்து ஆறு டொலருக்கும் குறைவே. எஞ்சியது கடைக்குரியது, கடையின் வாடகை, விளம்பரம், ஊழியர் சம்பளம், இலாபம் யாவும் அதனுள் அடங்கும்.

கணக்கிலே கெட்டிக்காரரான மாணவர்கள் உடனே ஒன்றைக் கண்டுபிடிப்பீர்கள். தைத்தவரின் கூலியை இரட்டித்தாலும் சட்டையின் விலை பன்னிரண்டு சதமே கூடும். பதினான்கு டொலர் பதினான்கு டொலர் பன்னிரண்டு சதமாகும். அதனைக் கொடுக்க மறுப்பார் யார்? அவ்வாறாயின் ஏன் அது நடைபெறவில்லை? நாம் கூடுதலாகக் கொடுக்கும் பன்னிரண்டு சதம் தைத்தவரின் கையைச் சென்றடைவதற்கு வழியில்லை என்பதே காரணம். கொள்வனவு செய்யும் நிறுவனம் தொழிற்சாலை முதலாளியிடம், 'சென்ற ஆண்டைவிட ஐந்து சதம் குறைத்துத் தருக. இல்லையேல் அடுத்த நாட்டுக்குச் செல்வோம்' என்கிறது. முதலாளியால் பருத்தியின் விலையைக் குறைக்க முடியாது. கப்பற் கூலியையும் குறைக்க முடியாது. அவரால் நெருக்கக்கூடியவை இரண்டே: கூலியும் கட்டடமும். அந்நாட்டு ஏற்றுமதி வருமானத்தில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்ட பங்கு ஆடைத் தொழிலால் வருவதால் அரசும் கடுமையாக நடந்துகொள்ள அஞ்சுகிறது.

இவையெல்லாம் கீழைத்தேசங்களின் குணம் எனச் சிலர் கூறக் கேட்டிருக்கிறேன். அது தவறு. 1911ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் நியூயோர்க் நகரில் முக்கோணம் எனப் பொருள்படும் றையாங்கிள் என்ற பெயருடைய சட்டைத் தொழிற்சாலையொன்று தீப்பற்றியது. வாயிற் கதவொன்று பூட்டப்பட்டிருந்தமையால் வெளியேற முடியாது 146 பேர் மாண்டனர். அவர்களும் வறிய குடியேறிகளே. யூத, இத்தாலியப் பெண்களே அவர்களுட் பெரும்பாலோர். தெருவில் நின்று அக்கொடுமையைக் கண்ணாற் கண்ட பிரான்சிஸ் பேர்க்கின்ஸ் என்னும் பெண்மணி, பின்னர் 1933இல் அமெரிக்காவின் தொழில் அமைச்சரானார். நியூயோர்க்கின் தொழிற்சாலைச் சட்டங்கள் அத்தீயின் பின்னரே திருந்தின. தொழிலாளர் சங்கங்களின் போராட்டமும் சட்டமும் சேர்ந்தே அம்மாற்றத்தைக் கொணர்ந்தன.

நிற்க. 'இனிமேல் அந்நாட்டுச் சட்டைகளை வாங்கமாட்டோம்' என்று நாம் சபதம் எடுத்தால் என்ன? என் மாணவர் சிலர் இதனையே கூறினர். இளம் உள்ளங்களில் இத்தகைய சினம் எழுதல் நன்றே. ஆனால் சினத்தோடு எடுத்த முடிவு யார் தலையில் விழுகிறது என்பதையும் ஆராயவேண்டும்.

1790களின் பிரித்தானியாவை எடுத்துக்கொள்வோம். அடிமை வணிகத்தை ஒழிக்கும் பிரேரணையைப் பாராளுமன்றம் 1791இல் நிராகரித்தபோது, வாக்குரிமையற்ற பெண்களும் எளிய குடும்பத்தினரும் மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் விளைத்த சீனியை வாங்க மறுத்தனர். மூன்று இலட்சம் பேர் அவ்வாறு சீனியைத் துறந்தனரென அக்காலத்து அடிமை ஒழிப்பாளராகிய தோமஸ் கிளார்க்சன் மதிப்பிட்டார். அடிமைகளின் உழைப்பாலன்றி விளைந்தது என எழுதப்பட்ட சீனிக் கிண்ணங்கள்கூடப் பின்னாளில் விற்பனையாயின. அடிமை வணிகம் 1807இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. அப்புறக்கணிப்பு மக்கள் மனதை அசைத்ததென்பதில் ஐயமில்லை. ஆயினும் தமிழராகிய நாம் இக்கதையின் பிற்பகுதியையும் அறிந்திருத்தல் வேண்டும். 1830களில் அடிமைமுறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டோருள் நம்மவரும் இருந்தனர். மொரிசியசிலும் நேற்றாலிலும் பீஜியிலும் இன்று தமிழ்ப் பெயர்கள் வழங்குவது அதனாலேயே.

மற்றொரு சம்பவம் இன்னும் வேதனையானது. 1990களின் தொடக்கத்தில், சிறுவர் உழைப்பால் ஆக்கப்பட்ட பொருட்களின் இறக்குமதியைத் தடைசெய்யும் சட்டமூலம் ஒன்று அமெரிக்க மேலவையில் முன்வைக்கப்பட்டது. நோக்கம் நல்லதே. சட்டம் நிறைவேறவேயில்லை. ஆனால் அதன் அச்சத்தாலேயே பங்களாதேச முதலாளிகள் பல்லாயிரம் சிறுவரை வேலையினின்றும் நீக்கினர். அவர்கள் பாடசாலைக்குச் சென்றனரா? இல்லை. கல்லுடைக்கவும் தெருவில் விற்கவும் அதனினும் இழிந்த தொழில்களுக்கும் பலர் தள்ளப்பட்டமையை யுனிசெவ் நிறுவனம் பின்னர் எடுத்துக்காட்டிற்று. 1995ஆம் ஆண்டு யூலை மாதம் அந்நாட்டு ஆடை உற்பத்தியாளர் சங்கமும் சர்வதேசத் தொழில் அமைப்பும் யுனிசெவ்வும் ஓர் உடன்படிக்கை செய்தன. இனிச் சிறுவரை நீக்குவதாயின் முதலில் அவர்களுக்குப் பள்ளியும் சிறு உதவித்தொகையும் ஆயத்தமாயிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். நல்லெண்ணம் முதலிலும் பள்ளிக்கூடம் பின்னருமாக வந்ததே அங்கு நேர்ந்த பிழை.

புறக்கணிப்பைக் கையாண்டவருள் நான் பெரிதும் மதிப்பது காந்தியடிகளின் ஒரு செயலை. அந்நியத் துணி புறக்கணிப்பால் இங்கிலாந்தின் இலங்காசயர் ஆலைத் தொழிலாளர் வேலையிழந்து துன்புற்றனர். 1931இல் வட்டமேசை மாநாட்டிற்குச் சென்ற காந்தியடிகள் அந்த ஊர்களுக்கே சென்று அத்தொழிலாளரைச் சந்தித்தார். அவர்கள் அவரை அன்போடு வரவேற்றனர். தம் கொள்கையை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. எனினும் தம் செயலால் அடுப்பெரியாத வீட்டாரின் முகத்தை நேரிற் பார்த்துப் பேசினார். நம்மில் எத்தனை பேர் இதற்கு ஆயத்தம்?

இவ்விடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூற அனுமதிக்கவேண்டும். நான் வன்னியிலே ஆசிரியனாயிருந்த காலத்தில் பத்தாம் வகுப்பில் என்னிடம் கற்ற மாணவி ஒருத்தி இன்று எமது நாட்டிலே ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கப்பட்டபோது தென்னிலங்கைக் கிராமப் பெண்கள் அங்கு சென்றதுபோல, போர் முடிந்தபின் வடக்கிலும் காமென்ற் வேலை பல குடும்பங்களின் ஒரே வருவாயாயிற்று. அவள் இலக்கணத்தில் மிகவும் கெட்டிக்காரி. புணர்ச்சி விதிகளை அவளைப்போல் ஒப்புவித்தவர் எவருமில்லை. இப்போது சட்டைக்குக் கை பொருத்துகிறாள். நாள் முழுவதும் கை மாத்திரமே. முழுச் சட்டையை அவள் தைத்ததேயில்லையாம்.

சென்ற தைப்பொங்கலன்று தொலைபேசியில் என்னோடு உரையாடினாள். மணிக்கு இத்தனை என்று கணக்கிருப்பதையும், அதனை எட்டாவிடில் மேற்பார்வையாளர் எல்லார் முன்னிலையிலும் ஏசுவதையும் சிரித்தபடியே கூறினாள். பின்னர், "சேர், நாங்கள் தைக்கிற சேட் அங்க என்ன விலைக்குப் போகுது?" எனக் கேட்டாள். அவள் கூறிய பெயருடைய சட்டையை நான் கடையிலே பார்த்திருக்கிறேன். அதன் விலை எனக்குத் தெரியும். அவளுடைய நாட்சம்பளத்தின் பல மடங்கு அது. நான் விலையைக் குறைத்துக் கூறினேன். பொய் கூறாதே என்று அவளுக்குப் போதித்தவன் நான்.

"அப்ப நாங்கள் இந்தச் சேட்டுகளை வாங்காமல் விடட்டோ, பிள்ளை?" என்றும் கேட்டேன். "ஐயோ சேர், அப்பிடிச் செய்துபோடாதேங்கோ. ஓடர் இல்லையெண்டால் முதலில எங்களைத்தான் நிப்பாட்டுவினம். வாங்குங்கோ. ஆனா எங்களைப் பற்றியும் ஒருக்காக் கேளுங்கோ" என்றாள்.

கேட்பதனால் ஏதேனும் பயன் உண்டா? உண்டு எனக் கூறுவதற்கு ரானா பிளாசாவின் பின் நடந்தவை சான்று. 2013 மே மாதத்தில் தொழிற்சங்கங்களும் ஆடை நிறுவனங்களும் தீ, கட்டடப் பாதுகாப்பு உடன்படிக்கை ஒன்றைச் செய்தன. முன்னரெல்லாம் நிறுவனங்கள் தாமே நன்னடத்தை விதிகளை எழுதித் தாமே சான்றிதழும் வழங்கிக்கொண்டன. இவ்வுடன்படிக்கையோ சட்டப்படி கட்டுப்படுத்துவது. இருநூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கையொப்பமிட்டன. ஏறத்தாழ 1,600 தொழிற்சாலைகள் சுயாதீனப் பொறியியலாளரால் பரிசோதிக்கப்பட்டு, கண்டறிந்த குறைகள் பகிரங்கமாக வெளியிடப்பட்டன. ஆபத்தான கட்டடத்தினுள் நுழைய மறுக்கும் உரிமை தொழிலாளருக்கு வழங்கப்பட்டது. அந்த வங்கி ஊழியருக்கு அன்று இருந்த உரிமை அதுவே. கடைகளின் வாயிலில் நின்று பதில் கேட்ட பொதுமக்களின் அழுத்தம் இன்றேல் அத்தனை நிறுவனங்கள் கையொப்பமிட்டிருக்கும் என நான் நம்பவில்லை.

எல்லாம் நிறைவேறிவிட்டதெனவும் கூறமுடியாது. பாதுகாப்புத் திருந்திய அளவிற்குக் கூலி திருந்தவில்லை. ஆகக் குறைந்த சம்பளம் 2023 திசம்பர் மாதத்தில் 12,500 டக்காவாக உயர்த்தப்பட்டது. சங்கங்கள் கேட்டதோ 23,000. அந்தக் கோரிக்கைக்காகத் தெருவிலிறங்கியோருள் சிலர் உயிரிழந்தனர். இங்கே ஒன்ராறியோ நீதிமன்றத்திலும் ரானா பிளாசாவில் பாதிக்கப்பட்டோர் சார்பில், ஜோ பிரெஷ் ஆடைகளை விற்ற லோப்லோ நிறுவனத்துக்கு எதிராக வழக்குத் தொடரப்பட்டது. பங்களாதேசச் சட்டமே இதற்குப் பொருந்தும், அதன்படி பெரும்பாலான கோரிக்கைகளுக்குக் காலம் கடந்துவிட்டது, தொழிற்சாலையின் ஊழியர்பால் கொள்வனவாளருக்குச் சட்டக் கடமையும் இல்லை எனக் கூறி 2017இல் வழக்குத் தள்ளுபடியாயிற்று. மேன்முறையீடும் 2018இல் தோற்றது. அந்நிறுவனம் இழப்பீட்டு நிதிக்குப் பணம் வழங்கியதையும் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டதையும் நேர்மையுடன் குறிப்பிடவேண்டும். எனினும் கருணையினால் கொடுப்பதும் கடமையினால் கொடுப்பதும் ஒன்றல்ல. பிரான்சு நாடு 2017இல் பெருநிறுவனங்களின் மீது அத்தகைய கடமையைச் சட்டமாகவே சுமத்திற்று. கனடாவில் 2024 சனவரி முதல் நடைமுறையிலுள்ள சட்டம், கட்டாய உழைப்பையும் சிறுவர் உழைப்பையும் தடுக்க என்ன செய்தோம் என நிறுவனங்கள் ஆண்டுதோறும் அறிக்கை தரவேண்டும் என்கிறது. அறிக்கை மாத்திரமே, ஆயினும் அவ்வறிக்கையை நாமும் எடுத்து வாசிக்கலாம்.

தமிழ்நாட்டின் திண்டுக்கல்லிலும் இதனையொத்த ஒரு முயற்சி நடந்தது. 2021இல் ஆடைத் தொழிற்சாலையொன்றில் பணியாற்றிய இளம்பெண் கொலையுண்டாள். மேற்பார்வையாளர் ஒருவர் கைதானார். அதன்பின் பெண்களே தலைமை தாங்கும் தொழிற்சங்கமொன்று விடாது போராடியதன் பேறாக, 2022 ஏப்பிரலில் தொழிற்சாலையும் வெளிநாட்டு ஆடை நிறுவனமும் கட்டுப்படும் உடன்படிக்கை உருவாயிற்று. பெண்கள் தமக்கு நேரும் துன்பத்தை அச்சமின்றி முறையிடவும், தம்முள்ளே கண்காணிப்பாளரை வைத்துக்கொள்ளவும் அதில் வழிசெய்யப்பட்டது.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு வேலை செய்து, வாடகையும் கட்டி, ஊரிலுள்ள உறவினருக்கும் அனுப்பி, மிஞ்சிய பணத்திலே பிள்ளைக்குக் குளிர்ச்சட்டை வாங்கும் தாயிடம் சென்று 'மலிவுப்பொருள் வாங்காதே' என்று கூறும் உரிமை எவருக்கும் இல்லை. எனக்கு அறவே இல்லை. நான் இந்நாட்டிற்கு வந்த முதற் குளிர்காலத்தில் அணிந்தது தேவாலயமொன்றில் இலவசமாகக் கிடைத்த மேலங்கி. ஆனால் தேவைக்கு வாங்குவது வேறு. மலிவு என்பதற்காக வாங்கி, இருமுறை உடுத்துக் குப்பையில் எறிவது வேறு. பிறந்தநாள் விழாவொன்றுக்கென முப்பது பேருக்கு ஒரே நிறச் சட்டை வாங்கி மறுநாளே கைவிடும் வழக்கம் நம்மிடையே பெருகி வருவதை நீங்களும் அறிவீர்கள். இலங்கையின் மலையகத்திலே தேயிலைக் கொழுந்து பறிக்கும் நம் சகோதரிகளின் நாட்சம்பளம் 1,000 ரூபாவை எட்டுவதற்கு 2021ஆம் ஆண்டுவரை போராட வேண்டியிருந்தது. அவர்களின் தேநீரை உலகம் மலிவாகப் பருகுகிறதே என வருந்தும் நாம், சவாரின் பெண்களைப் பொறுத்தவரை அந்த உலகத்தின் ஒரு பகுதியாகிவிட்டோம்.

இவ்வாண்டு விளையாட்டு விழாவிற்குப் புதிய சட்டை வாங்குவதில்லை எனக் குழு தீர்மானித்துள்ளது. சென்ற ஆண்டுச் சட்டையே போதும். வளர்ந்த பிள்ளைகள் தம்முள் மாற்றிக்கொள்ளலாம். புதிதாகச் சேர்ந்தோருக்கு மாத்திரம் இருபத்திரண்டு சட்டைகள் தேவைப்படுகின்றன. அவற்றை வாங்குமுன், எட்டாம் வகுப்பு மாணவர்கள் அவ்விரு கடைகளுக்கும் கடிதம் எழுதினர்: எத்தொழிற்சாலையில் தைக்கப்பட்டது, அங்கே தொழிற்சங்கம் உண்டா, கட்டடம் பரிசோதிக்கப்பட்டதா என மூன்று வினாக்கள். ஒரு கடையிலிருந்து, அவ்விபரம் தம்மிடம் இல்லையென இரண்டு வரியில் மறுமொழி வந்தது. மற்றைய கடையிலிருந்து இதனை எழுதும்வரை ஒன்றும் வரவில்லை. இரண்டாவது கடிதம் ஆயத்தமாகிறது. எழுத்துப்பிழைகளைத் திருத்தியதன்றி அதில் நான் தலையிடவில்லை.

பயிற்சி

உங்கள் வீட்டிலுள்ள ஐந்து உடைகளின் துணிச்சீட்டுக்களைப் பார்த்து, எந்நாட்டில் ஆக்கப்பட்டவை எனச் செயப்பாட்டுவினை வாக்கியங்களாக எழுதுக. பின்னர் அவற்றைச் செய்வினை வாக்கியங்களாக மாற்ற முயல்க. எழுவாய்க்குரிய இடத்தை வெறுமையாக விட்டவர்களுக்கும் புள்ளி உண்டு.

உங்கள் பெற்றோர் அல்லது பாட்டனார், பாட்டியார் தம் வாழ்வில் முதன்முதல் பெற்ற சம்பளம் எவ்வளவு, அதனைக் கொண்டு என்ன வாங்கினார்கள் எனக் கேட்டுப் பத்து வரிகளில் எழுதி வருக.